மூடையுடன் மேடேறும் மின் சைக்கிள்

சமதரையில் 50 கிலோ மூடை ஒன்றைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்து வரும் ஒருவர், சிறு மேடு ஒன்று வந்ததும் இறங்கித் தள்ளத் தொடங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி மாறவில்லை, மூடையின் எடையும் கூடவில்லை. சாலை சற்றே சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சிறு சாய்வு ஏன் ஒரு மனிதரை இருக்கையிலிருந்து இறக்கிவிடுகிறது? அந்த வண்டியில் ஒரு மின் மோட்டாரைப் பொருத்தினால் அவர் இறங்காமலே போய்விட முடியுமா? முடியுமென்றால் எத்தகைய மோட்டார் வேண்டும்? எவ்வளவு பாட்டரி வேண்டும்?

இக்கேள்விகளுக்கு விடை காண உங்கள் பாடநூலில் உள்ள விசை, வேலை, திறன், ஆற்றல் ஆகிய நான்கு சொற்களே போதும். பாரம் ஏற்றும் மின் சைக்கிள் வாங்கும் குடும்பம் பல மாத வருமானத்தை அதில் போடுகிறது. விளம்பரத்தில் உள்ள வாட் எண்ணை மட்டும் நம்பி வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது அல்லவா?

தசையும் மோட்டாரும்

மனிதத் தசையின் சுமையைக் குறைக்கும் முயற்சி புதிதன்று. தமிழ்நாட்டில் மனிதர் ஓடி இழுக்கும் கை ரிக்‌ஷா 1973-இல் ஒழிக்கப்பட்டு, அதற்குப் பதிலாகச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. துர்க்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘சோலெக்‌ஷா’ என்னும் ரிக்‌ஷா 2008 அக்டோபரில் டில்லியில் அறிமுகமாயிற்று. சூரிய ஒளியால் மின்னேற்றம் செய்த பாட்டரியும், ஒரு சிறு மோட்டாரும், ஓட்டுநரின் கால்களும் சேர்ந்து அதை இயக்கின. இன்று கடைகளில் கிடைக்கும் மின் சைக்கிளும் இதே கருத்தைக் கொண்டதுதான். கால் ஒரு பங்கு கொடுக்கிறது. மோட்டார் மறு பங்கு கொடுக்கிறது.

ஒரு பயணம்

எடுத்துக்காட்டாக, இளையரசனேந்தலிலிருந்து கோவில்பட்டிச் சந்தைக்கு ஓர் உளுந்து மூடை கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வழித் தூரம் 12 கி.மீ. எனக் கொள்வோம். கரிசல் பூமி, பெரிய மலை எதுவும் குறுக்கே இல்லை. ஆனால் கோவில்பட்டியில் இளையரசனேந்தல் சாலை, ரயில்பாதையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கிறது. அங்கே இறங்கவேண்டும், பிறகு ஏறியே ஆகவேண்டும். சமவெளிக்காரருக்கும் மேடு உண்டு!

வண்டியின் நிறை 40 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, மூடை 50 கிலோ. மொத்தம் 150 கிலோ. இதன் எடை 150 × 9.8 = 1470 நியூட்டன்.

சமதரையில் இந்த வண்டியைத் தடுப்பவை இரண்டு. முதலாவது டயரின் உருளும் உராய்வு. நன்கு காற்றடித்த டயருக்கு இது எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 15 நியூட்டன். இரண்டாவது காற்றின் தடை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இது சுமார் 6 நியூட்டன். ஆக 21 நியூட்டன் விசை இருந்தால் 150 கிலோவும் நகரும். சக்கரம் எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்பது இப்போது விளங்குகிறதா?

திறன் = விசை × வேகம். மணிக்கு 15 கி.மீ. என்பது வினாடிக்கு 4.17 மீட்டர். 21 × 4.17 = 88 வாட். உடல்நலமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் சளைக்காமல் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். ஆகவே சமதரையில் ஓட்டுபவர் ஏறக்குறையத் தாமே சமாளித்துவிடுகிறார்.

மேடு கேட்கும் கூலி

சாய்வை ‘20-க்கு 1’ என்று சொல்வது வழக்கம். 20 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்பது பொருள். மலைப்பாங்கான பகுதிகளில் நெடுஞ்சாலை அமைக்கும்போது பெரும்பாலும் இந்தச் சாய்வுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை பரிந்துரைக்கிறது. சமவெளியில் 30-க்கு 1.

சாய்தளத்தில் எடையின் ஒரு பகுதி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. 20-க்கு 1 சாய்வில் அது எடையில் இருபதில் ஒரு பங்கு. நம் வண்டிக்குக் கணக்கிடுவோம்.

30-க்கு 1: 1470 ÷ 30 = 49 நியூட்டன்.
20-க்கு 1: 1470 ÷ 20 = 73.5 நியூட்டன்.
12.5-க்கு 1: 1470 ÷ 12.5 = 117.6 நியூட்டன்.

கடைசியில் உள்ள சாய்வு எங்கே இருக்கிறது தெரியுமா? நீலகிரி மலை ரயில்பாதையில்! கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12.5-க்கு 1 சாய்வில் ஏறவேண்டியிருப்பதால்தான், சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டவாளம் பதித்திருக்கிறார்கள்.

20-க்கு 1 மேட்டில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறுவோம். மேட்டின் இழுப்பு 73.5, உருளும் உராய்வு 15, காற்று 3, மொத்தம் 91.5 நியூட்டன். சமதரையைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

இப்போது முதல் கேள்விக்கு விடை காணலாம். ஒரு சாதாரணச் சைக்கிளில் முன் செயின்வீலில் 44 பற்கள், பின் ஃப்ரீவீலில் 18 பற்கள் என்று கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 44 ÷ 18 = 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் வண்டி 5.13 மீட்டர் நகரும். ஆனால் அதே நேரத்தில் காலின் கீழுள்ள பெடல் செல்லும் பாதை 1.07 மீட்டர்தான். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. ஆகவே பெடலில் கொடுக்கவேண்டிய சராசரி விசை 91.5 × 5.13 ÷ 1.07 = 440 நியூட்டன். பெடல் பக்கவாட்டில் இருக்கும்போது தேவைப்படும் விசை இதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 660 நியூட்டன். ஓட்டுபவரின் முழு எடையே 588 நியூட்டன்தான்! இரு கால்களையும் ஒரே பெடலில் ஊன்றி நின்றாலும் போதாது. எனவேதான் அவர் இறங்கித் தள்ளுகிறார். அவரிடம் வலிமை இல்லை என்பதன்று; அவருடைய வண்டியில் அந்த மேட்டுக்கு ஏற்ற கியர் இல்லை.

பின்னால் 18 பல்லுக்குப் பதில் 32 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.9 மீட்டர் மட்டுமே நகரும். பெடலின் சராசரி விசை 248 நியூட்டனாகக் குறைந்துவிடும். கியர் ஆற்றலைத் தருவதில்லை. தூரத்தைக் கொடுத்து விசையை வாங்கித் தருகிறது. நெம்புகோல் செய்யும் அதே வேலை.

மோட்டார்: எத்தனை வாட்?

20-க்கு 1 மேட்டில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்ல 91.5 × 2.78 = 254 வாட் வேண்டும். கால் 75 வாட் தருகிறது. மீதி ஏறத்தாழ 180 வாட் மோட்டாரின் பங்கு. அதே மேட்டில் 15 கி.மீ. வேகத்தில் ஏற ஆசைப்பட்டால் மொத்தம் 394 வாட் தேவை; மோட்டார் 319 வாட் தரவேண்டும். மாறாக, நீலகிரி ரயில் ஏறும் 12.5-க்கு 1 சாய்வாயினும் 7 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவந்தால் 262 வாட் போதும்.

மேடு செங்குத்தாக ஆக, வேகத்தை விட்டுக்கொடுத்தால் சிறிய மோட்டாரும் ஏறிவிடும். மோட்டாரின் வாட் எண், ஏற முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வேகமாக ஏறலாம் என்பதையே தீர்மானிக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் சுழலும்போது அது ஒரு மின்னாக்கியாகவும் செயல்பட்டு, பாட்டரிக்கு எதிரான மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. வேகம் குறைந்தால் இந்த எதிர்விசையும் குறைகிறது. மோட்டாருக்குள் மின்னோட்டம் பெருகுகிறது. சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. சுருளின் மின்தடை 0.3 ஓம் என்றால், 7 ஆம்பியரில் 7 × 7 × 0.3 = 15 வாட் வெப்பம். 14 ஆம்பியரில் 59 வாட். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! நீண்ட மேட்டில் மோட்டார் ஊர்ந்துகொண்டே போனால் அது சூடேறிப் பழுதாவது இதனால்தான். மோட்டார் வேகமாகச் சுழலவேண்டும். சக்கரம் மெதுவாகச் சுழலவேண்டும். இரண்டுக்கும் நடுவே கியர் வேண்டும்.

கடையில் மூன்று வகைகளைக் காணலாம்.

முதல் வகை, சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய நேரடி ஹப் மோட்டார். உள்ளே பற்சக்கரம் கிடையாது, தேய்மானம் குறைவு. ஆனால் சக்கரம் மெதுவானால் மோட்டாரும் மெதுவாகிவிடும். நீண்ட மேட்டுக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, உள்ளே சிறு பற்சக்கரங்கள் கொண்ட ஹப் மோட்டார். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, மோட்டார் பல சுற்று சுற்றும். எடை குறைவு. சமவெளியும் இடையிடையே சிறு மேடுகளும் உள்ள ஊர்களுக்குப் போதுமானது. இளையரசனேந்தல் பயணத்துக்கு இதுவே சரி.

மூன்றாவது, பெடல் அச்சில் பொருத்தப்படும் மோட்டார். இது செயின் வழியாகவே சக்கரத்தைச் சுழற்றுவதால், பின்சக்கரத்தின் கியர்கள் காலுக்கு உதவுவதுபோல் மோட்டாருக்கும் உதவுகின்றன. மலையூர்களுக்கு உகந்தது இதுவே. விலை அதிகம், செயினும் பற்களும் விரைவில் தேயும்.

பாட்டரி: எவ்வளவு தூரம்? எவ்வளவு உயரம்?

பாட்டரியின் கொள்ளளவை அறிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் 360 வாட்-மணி ஆற்றல் உள்ளது. வீட்டு மின்சாரத்தில் இது அரை யூனிட்டுக்கும் குறைவு.

கோவில்பட்டிக்குப் போய்த் திரும்ப 24 கி.மீ. 21 நியூட்டன் × 24,000 மீட்டர் = 5,04,000 ஜூல், அதாவது 140 வாட்-மணி. மோட்டாரின் பயனுறுதிறன் 75 விழுக்காடு என்றால், ஒருமுறைகூட மிதிக்காமல் வந்தாலும் பாட்டரியிலிருந்து 187 வாட்-மணிதான் செலவாகும். அந்தச் சுரங்கப்பாதையின் ஆழம் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறி வெளியே வர 150 × 9.8 × 5 = 7350 ஜூல், வெறும் 2 வாட்-மணி! அங்கே தேவைப்படும் விசை பெரிது. ஆற்றலோ மிகச் சிறிது. அந்த இடத்துக்காகப் பெரிய பாட்டரி வாங்குவது வீண். அங்கே தேவைப்படுவது கியர்.

மலையூரில் நிலைமை வேறு. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்திலும், குன்னூர் நிலையம் சுமார் 1712 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்வளவு உயரம் 20-க்கு 1 சாய்வில் ஏற 27.7 கி.மீ. வழி வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 2.77 மணி நேரம். மோட்டார் தரவேண்டியது 180 × 2.77 = 499 வாட்-மணி; பாட்டரியில் செலவாவது 665 வாட்-மணி. நம்முடைய 360 வாட்-மணி பாட்டரி பாதி வழியைத் தாண்டியதும் கைவிட்டுவிடும். ‘ஒருமுறை மின்னேற்றினால் 50 கி.மீ.’ என்று விளம்பரத்தில் கண்டால், எவ்வளவு பாரத்துடன், எந்தச் சாலையில் என்று கேளுங்கள்.

காரீய-அமிலப் பாட்டரியில் 360 வாட்-மணிக்கு ஏறத்தாழ 10 கிலோ எடை. லித்தியம் அயனி பாட்டரியில் 3 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை வெயிலில் போட்டுவைப்பதோ, கலங்களை வாங்கி நாமே ஒட்டவைப்பதோ தீ விபத்துக்கு வழி. சரியான பாதுகாப்புச் சுற்றுடன் வரும் பாட்டரியையே வாங்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மேடு

கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு எதிராக, கோவில்பட்டியிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பும் சைக்கிளின் நிலை என்ன? எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ., வண்டி 15 கி.மீ. என்றால், முகத்தில் மோதும் காற்றின் வேகம் 35 கி.மீ. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் பெருகுவதால் 6 நியூட்டன் ஏறத்தாழ 33 நியூட்டன் ஆகிவிடும். கூடுதலான 27 நியூட்டன், ஏறத்தாழ 54-க்கு 1 சாய்வுள்ள மேட்டுக்குச் சமம். வழி நெடுக மேடு! கரிசல்காட்டுக்காரர் பாட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மேட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இறங்குவதே பெரிய சோதனை

ஏறும்போது சேர்ந்த நிலையாற்றல் இறங்கும்போது எங்கே போகிறது? பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. 12.5-க்கு 1 சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகம் மிகாமல் இறங்க, உராய்வும் காற்றும் தடுப்பது போக, பிரேக் ஏறத்தாழ 91 நியூட்டன் விசையால் பிடிக்கவேண்டும். 91 × 5.56 = 506 வாட். 1000 வாட் இஸ்திரிப்பெட்டியில் பாதி வெப்பம் இடைவிடாமல் அந்தச் சிறு பிரேக்கில் பிறக்கிறது! தனி ஒருவர் ஓட்டுவதற்கென்று செய்த சைக்கிளின் ரப்பர்க் கட்டைகள் இதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல; மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பு மேலும் குறையும்.

சரிவில் வேகமாக விட்டால் அந்த வேகத்திலேயே எதிர்மேடு ஏறிவிடலாமே என்று சிலர் எண்ணுவர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தின் இயக்க ஆற்றல் வண்டியை அதிகமாகப் போனால் 2.5 மீட்டர் உயரத்துக்குத்தான் தூக்கும். அந்த இரண்டு வாட்-மணிக்கும் குறைவான சேமிப்புக்காக, தண்ணீரோ மணலோ கிடக்கக்கூடிய பள்ளத்தில் பாரத்தோடு பாய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நேரடி ஹப் மோட்டார் இறங்கும்போது மின்னாக்கியாக மாறி, ஆற்றலில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தர இயலும். ஆனால் மலையுச்சியில் முழுதும் மின்னேறிய பாட்டரி மேலும் மின்சாரத்தை ஏற்காது. ஆகவே அதைப் பிரேக்குக்கு மாற்றாக நம்பக்கூடாது.

எதை முதலில் மாற்றுவது?

பழைய பார சைக்கிளை மேம்படுத்த விரும்புவோர் பெரும்பாலும் பெரிய மோட்டாரில்தான் தொடங்குகிறார்கள். நம் கணக்கு வேறு வரிசையைச் சொல்கிறது.

1. பிரேக்: முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். நிறுத்த முடியாத வண்டியை வேகப்படுத்தக்கூடாது.
2. சக்கரம்: தடித்த போக்ஸ் கம்பிகள், அகலமான டயர், சரியான காற்றழுத்தம். ஹப் மோட்டார் பொருத்தினால், அதன் அச்சு சட்டத்தில் சுழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகடும் அவசியம்.
3. பாரம் வைக்கும் இடம்: தாழ்வாக, இரு சக்கரங்களுக்கும் இடையே. 12.5-க்கு 1 மேட்டில், 1 மீட்டர் உயரத்திலுள்ள ஈர்ப்பு மையம் 8 செ.மீ. பின்னுக்கு நகர்கிறது. பின்னச்சுக்கும் பின்னால் மூடையைக் கட்டினால் முன்சக்கரம் தூக்கிவிடும்.
4. கியர்: பின்னால் 32 பல் அல்லது அதற்கு மேல்.
5. பாட்டரி: போகும் தூரத்துக்கும் ஏறும் உயரத்துக்கும் ஏற்ப.
6. மோட்டார்: கடைசியில்.

மத்திய மோட்டார் வாகன விதிகளும் இந்த வரிசைக்குத் துணை நிற்கின்றன. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மிதிக்கும்போது மட்டும் உதவி, 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும் அமைப்பு ஆகியவை இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. எல்லையைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம்; பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். நம் வண்டிக்கு 12.5-க்கு 1 மேட்டிலும் மோட்டாரின் பங்கு 187 வாட்தான் என்பதை நினைவிற் கொள்க.

செய்து பாருங்கள்

1. உங்கள் சைக்கிளின் முன், பின் பற்களை எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு நகரும் என்று கணக்கிட்டு, பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு அளந்து சரிபாருங்கள்.

2. சமதரையில் மூடை வைத்த சைக்கிளைச் சுருள்வில் தராசால் மெதுவாக, சீரான வேகத்தில் இழுங்கள். தராசு காட்டும் விசையே உருளும் உராய்வு. டயரில் காற்றைக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள்.

3. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு, உங்கள் ஊர்ப் பாலத்தின் ஏற்றம் எத்தனைக்கு 1 என்று கண்டுபிடியுங்கள். வாகனங்கள் வராத நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையுடன் ஓரமாக நின்று அளக்கவேண்டும்.

4. பள்ளி மாடிப்படியில் ஏறும் நேரத்தை அளந்து உங்கள் திறனைக் கணக்கிடுங்கள். 50 கிலோ எடையுள்ள மாணவர் 3.5 மீட்டர் உயரத்தை 7 வினாடியில் ஏறினால் 245 வாட்! சில வினாடிகளுக்கு நீங்களே ஒரு மின் சைக்கிள் மோட்டார். ஒரு மணி நேரம் இதே திறனில் ஏறிக்கொண்டிருக்க உங்களால் முடியுமா?

செங்குத்து மேட்டை வெல்வது கியர். வேகத்தைத் தருவது மோட்டார். தூரத்தையும் உயரத்தையும் தருவது பாட்டரி. பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பது பிரேக். இந்த நான்கையும் பிரித்தறிந்தவர் எந்தக் கடைக்குள்ளும் துணிந்து நுழையலாம். உங்கள் தெருவில் மேட்டைக் கண்டு இறங்கித் தள்ளும் ஒருவருக்கு, மோட்டாரைப் பற்றிப் பேசுமுன் பின்சக்கரத்தின் பற்களை எண்ணிச் சொல்லுங்கள். சில வேளைகளில் அவருக்குத் தேவை அதுவாகவே இருக்கலாம்.